ஸ்விட்ச் பழுதா, கேபிள் பழுதா? நெட்வொர்க் ஸ்விட்ச் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெட்வொர்க் ஸ்விட்ச் என்பது ஒரே இடத்தில் இருக்கும் கம்ப்யூட்டர், போன், கேமராக்களைக் கேபிளால் இணைக்கும் பெட்டி. நான் அதிகம் கை வைத்தது சிஸ்கோவின் கேட்டலிஸ்ட் வகைகளில்தான்: 2960, 3850, 9300. ஆகவே கீழே வரும் கமாண்டுகள் அவற்றுக்கு உரியவை. உச்சரிக்கிறபடியே தமிழில் எழுதியிருக்கிறேன். வேறு கம்பெனி ஸ்விட்சாக இருந்தால் கமாண்டின் பெயர் மாறும், பார்க்க வேண்டிய விஷயம் அதேதான்.

"நெட் வரவில்லை, ஸ்விட்ச் போய்விட்டது" என்கிறார்கள். நிஜமாகவே போய்விட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பெரும்பாலும் போயிருக்காது. ரேக்கில் விளக்கு மினுக்கிக்கொண்டு நிற்பது அது ஒன்றுதான் என்பதால் எல்லோரும் அதைத்தான் முதலில் திட்டுகிறார்கள்.

முன்பக்கம் சிஸ்ட் என்று எழுதிய எல்இடியைப் பாருங்கள். பச்சை என்றால் ஸ்விட்ச் சரியாகவே எழுந்திருக்கிறது. ஆம்பர், அதாவது ஆரஞ்சு சாயல் மஞ்சள் என்றால் கரண்ட் வருகிறது, ஆனால் உள்ளே ஏதோ சரியில்லை. விளக்கே இல்லை என்றால் பவர் கார்டை வேறு ஒரு ஸ்விட்சில் போட்டுப் பாருங்கள், பிறகு யூபிஎஸ் சாக்கெட்டை மாற்றிப் பாருங்கள். அடாப்டரில் ஓடும் சின்ன 8 போர்ட் (கேபிள் செருகும் துளை) ஸ்விட்ச் என்றால் சந்தேகம் முதலில் அடாப்டர் மேல்தான் விழ வேண்டும். மல்டிமீட்டரில் 12 வோல்ட் காட்டும், ஸ்விட்சில் செருகியதும் 8க்கோ 9க்கோ இறங்கிவிடும். லோடு இல்லாமல் அளந்துவிட்டு "அடாப்டர் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்வது நாங்கள் எல்லோரும் ஒரு முறையாவது செய்த தப்பு.

பவர் சரி என்றால் அப்புறம் கன்சோல் கேபிளை (லேப்டாப்பிலிருந்து ஸ்விட்சுக்கு நேரடியாகக் கமாண்ட் அடிக்க உதவுவது) மாட்டுங்கள், வேகம் 9600. ஷோ லாகிங், ஷோ என்விரான்மென்ட் ஆல், ஷோ இன்வென்டரி என்ற மூன்றையும் அடித்து, வருவதை அப்படியே ஒரு ஃபைலில் சேமித்துக்கொள்ளுங்கள். ரீபூட் செய்துவிட்டால் மெமரியில் இருந்த லாக் போய்விடும். தடயத்தை அழித்துவிட்டு விசாரணையைத் தொடங்காதீர்கள்.

ஒரே ஒரு போர்ட் மட்டும் வேலை செய்யவில்லை. போர்ட் போய்விட்டதா?

இந்த வேலையில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே ஒன்றுதான் என்றால் அது இதுதான்: பழுதை இடம் மாற்றிப் பாருங்கள், ஒரு நேரத்தில் ஒரே ஒரு பொருளை மட்டும் மாற்றுங்கள்.

5ஆம் போர்ட்டில் இருக்கும் பேட்ச் கார்டை (போர்ட்டில் செருகும் குட்டைக் கேபிளை) 6ஆம் போர்ட்டுக்கு மாற்றுங்கள். இரண்டிலும் ஒரே விலான் (ஸ்விட்சுக்குள் பிரித்துவைத்த தனி நெட்வொர்க்) இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் வேறு குழப்பம் வரும். பழுது கேபிளோடு கூடவே 6க்கு வந்துவிட்டால் ஸ்விட்ச் நிரபராதி. பழுது 5இலேயே தங்கி, அங்கே நல்ல கேபிளைப் போட்டாலும் லிங்க் வரவில்லை என்றால்தான் போர்ட்டைச் சந்தேகிக்க வேண்டும். கேபிளையும் கம்ப்யூட்டரையும் போர்ட்டையும் ஒரே மூச்சில் மாற்றிவிட்டு "இப்ப வருது சார்" என்று சொல்லிவிட்டுப் போகிறவர் பழுதைச் சரிசெய்யவில்லை, ஒளித்துவைத்திருக்கிறார். அது அடுத்த வாரம் வேறு மேஜையில் முளைக்கும்.

போர்ட் செத்தது என்று எழுதுவதற்கு முன் ஷோ இன்டர்ஃபேசஸ் ஸ்டேட்டஸ் பாருங்கள். எர்-டிசேபிள்ட் என்று வந்தால் போர்ட் சாகவில்லை, ஸ்விட்சே அதை மூடிவைத்திருக்கிறது. யாராவது மேஜைக்கு அடியில் ஒரு சின்ன ஸ்விட்ச் மாட்டியிருப்பார்கள், பிபிடியூ கார்டு (ஸ்விட்ச்கள் தங்களுக்குள் அனுப்பும் செய்தி வந்தால் போர்ட்டை மூடும் காவல்) வேலை செய்திருக்கும். அல்லது அனுமதி இல்லாத கருவியைத் தடுக்கும் போர்ட் செக்யூரிட்டி பிடித்திருக்கும். காரணத்தை நீக்கிவிட்டு ஷட், நோ ஷட் கொடுத்தால் எழுந்துவிடும். காரணத்தை நீக்காமல் கொடுத்தால் சில விநாடிகளில் மறுபடி படுத்துக்கொள்ளும்.

ஒரு டார்ச் எடுத்துப் போர்ட்டின் உள்ளேயும் எட்டிப் பாருங்கள். சரியாகக் கிரிம்ப் ஆகாத ஆர்ஜே45 முனையைத் திணித்ததில் எட்டு ஊசிகளில் ஒன்று மடங்கிக் கிடப்பது உண்டு. பச்சை படிந்திருந்தால் ஈரம் ஏறியிருக்கிறது.

போர்ட் விளக்கு ஆம்பரில் எரிகிறது. இது பழுதா?

கேபிள் செருகிய முதல் 30 விநாடி என்றால் இல்லை, ஸ்பேனிங் ட்ரீ (டேட்டா வட்டமாகச் சுற்றும் லூப்பைத் தடுக்கும் முறை) யோசித்துக்கொண்டிருக்கிறது. தொடர்ந்து எரிந்தால் அந்த போர்ட் பிளாக் ஆகியிருக்கலாம். லூப் இருக்கும் இடத்தில் அதுதான் அதன் வேலை. பச்சையும் ஆம்பரும் மாறி மாறி வந்தால்தான் எர்ரர் ஃபிரேம்கள் (கெட்டுப்போன டேட்டா துண்டுகள்) வருகின்றன என்று பொருள்.

லிங்க் இருக்கிறது, ஆனால் ரொம்ப மெதுவாக இருக்கிறது.

முதலில் வேகத்தைப் பாருங்கள். ஒரு ஜிகாபிட் வர வேண்டிய இடத்தில் 100 என்று காட்டினால் பாதி விடை கிடைத்துவிட்டது. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டு ஜோடி கம்பி போதும்: 1, 2 மற்றும் 3, 6. ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். ஆகவே மற்ற இரண்டு ஜோடிகளில் ஒரு கம்பி அறுந்திருந்தாலும் லிங்க் 100க்கு இறங்கி நொண்டிக்கொண்டே ஓடும்.

எந்த ஜோடி என்று தெரிய டெஸ்ட் கேபிள்-டயக்னாஸ்டிக்ஸ் டிடிஆர் கொடுங்கள். ஸ்விட்சே கம்பியில் ஒரு துடிப்பை அனுப்பி, எதிரொலி திரும்ப வரும் நேரத்தை வைத்து, எத்தனையாவது மீட்டரில் அறுந்திருக்கிறது என்று சொல்லும். இரண்டு மூன்று மீட்டர் முன்னே பின்னே இருக்கும், பரவாயில்லை. அறுந்தது 1 மீட்டரில் என்றால் பேட்ச் கார்டு. 40 மீட்டரில் என்றால் சுவருக்கு அந்தப் பக்கம். சோதனை ஓடும்போது லிங்க் ஒரு கணம் விழும் என்பதால், முதலாளி வீடியோ காலில் இருக்கும்போது செய்யாதீர்கள்.

வேகம் சரி, ஆனாலும் இழுக்கிறது என்றால் ஷோ இன்டர்ஃபேசஸ் கவுன்டர்ஸ் எர்ரர்ஸ். எண் பெரிதா சிறிதா என்பது முக்கியமில்லை. கவுன்டரை அழித்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்து ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். மூன்று வருடமாகச் சேர்ந்த ஆயிரம் சிஆர்சி பிழைகளை (வழியில் டேட்டா கெட்டதன் எண்ணிக்கையை) பற்றிக் கவலை வேண்டாம், பத்து நிமிடத்தில் ஏறிய ஆயிரத்தைத்தான் துரத்த வேண்டும். ஒரு முனையில் சிஆர்சி, மறு முனையில் லேட் கொலிஷன் (தாமதமான மோதல்) என்று வந்தால் டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் இரு பக்கமும் பேசுவதா, மாறி மாறியா என்பது) பொருந்தவில்லை. ஒரு பக்கம் யாரோ 100 ஃபுல் என்று கையால் அடித்துவைத்திருப்பார்கள், மறுபக்கம் ஆட்டோவில் இருந்து ஹாஃபுக்கு விழுந்திருக்கும். அதற்கு ஸ்விட்ச் மாற்றத் தேவையில்லை.

ஃபைபர் லிங்க் விழுந்து விழுந்து எழுகிறது. எஸ்எஃப்பி (ஃபைபரைச் செருகும் மாட்யூல்) பழுதா?

ஷோ இன்டர்ஃபேசஸ் டிரான்சீவர் டீடெயில் கொடுத்து, வந்து சேரும் ஒளியின் அளவைப் பாருங்கள். டிபிஎம் என்ற ஒளி அளவில் வரும், பெரும்பாலும் மைனஸ் எண். 1310 நேனோமீட்டரில் ஓடும் எல்எக்ஸ் வகை மாட்யூலுக்கு -8, -10 என்றால் ஆரோக்கியம். -19ஐ ஒட்டி வந்துவிட்டால் விளிம்பில் நிற்கிறது. -40 என்றால் ஒளியே வரவில்லை. 3 டிபி குறைந்தால் ஒளி பாதியாகிவிட்டது என்று கணக்கு.

அளவு குறைவு என்றால் மாட்யூலை மாற்றுமுன் கனெக்டரைத் துடையுங்கள். விரல் ரேகை, தூசி, இரண்டும் போதும். நாங்கள் "பழுது" என்று கழற்றிய எஸ்எஃப்பிகளில் பல, துடைத்தபின் வேறு இடத்தில் வருடக்கணக்கில் ஓடியிருக்கின்றன. மஞ்சள் நிற சிங்கிள் மோட் கார்டும் ஆரஞ்சு அல்லது கடல்நீல மல்டி மோட் கார்டும் கலந்து மாட்டப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அப்புறம், முனைக்குள் கண்ணை வைத்துப் பார்க்கவே கூடாது. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைப் பாதிக்கும்.

கேமராவும் போனும் மட்டும் அணைந்துவிடுகின்றன, கம்ப்யூட்டர்கள் ஓடுகின்றன.

டேட்டா நன்றாக இருக்கிறது, பிஓஇ (நெட்வொர்க் கேபிளிலேயே கரண்ட் தருவது) பக்கம்தான் பிரச்சினை. ஷோ பவர் இன்லைன் பாருங்கள். மொத்த பட்ஜெட் தீர்ந்துவிட்டதா என்பது முதல் கேள்வி. 802.3ஏஎஃப் என்ற பிஓஇ தரத்தின்படி ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட், 48 போர்ட்டுக்கு 739 வாட் ஆகிறது. ஆனால் 2960எக்ஸ் 48 போர்ட் ஸ்விட்சிலேயே 740 வாட் மாடலும் உண்டு, 370 வாட் மாடலும் உண்டு. இரண்டாவதை வாங்கிவிட்டு 48 போர்ட்டிலும் முழு பவர் எதிர்பார்த்தால் பாதியில் நின்றுவிடும். 802.3ஏடி கேமராக்கள் போர்ட்டுக்கு 30 வாட் வரை கேட்கும், பட்ஜெட் இன்னும் சீக்கிரம் கரையும்.

லாகில் டி-ஸ்டார்ட் எர்ரர், ஐ-மேக்ஸ் எர்ரர் என்று வந்தால் கேபிளில் ஷார்ட், அல்லது மறுமுனைக் கருவி அளவுக்கு மேல் இழுக்கிறது, அல்லது உள்ளே இருக்கும் பவர் கன்ட்ரோலர் சிப் குழம்பியிருக்கிறது. சிப் குழம்பியிருந்தால் ரீலோட் கொடுத்துத் தீராது. பவர் கார்டையே பிடுங்கி, ஒரு நிமிடம் விட்டு மாட்ட வேண்டும். அடுத்தடுத்த நான்கு அல்லது எட்டு போர்ட்டுகளில் ஒரே சமயத்தில் பிஓஇ போனால் அவற்றுக்குப் பொதுவான சிப் போய்விட்டது. அது தனியாக மாற்றுகிற பாகம் இல்லை, ஸ்விட்சையேதான் மாற்ற வேண்டும்.

ஸ்விட்ச் தானாகவே ரீபூட் ஆகிக்கொண்டே இருக்கிறது.

எப்போது ஆகிறது என்று குறித்துவையுங்கள். ஒரு நூற்பாலை அலுவலகத்தில் தினமும் மதியம் இரண்டு மணிவாக்கில் ஸ்விட்ச் விழுந்தது. எல்லோரும் சாப்பிட்டுவிட்டு வந்து கம்ப்யூட்டரைத் திறக்கிற நேரம் என்பதால் டிராஃபிக் அதிகமாகிறது என்று நினைத்தார்கள். ஷோ என்விரான்மென்ட்டில் வெப்பம் சிவப்புக் கோட்டைத் தொட்டிருந்தது. மூடியைக் கழற்றினால் ஃபேனின் வாயில் பஞ்சுத் தூசி ஒரு விரல் தடிமனுக்குத் திரிபோலச் சுற்றிக் கிடந்தது. இறகுகள் சுழலவே இடமில்லை. பெயின்ட் பிரஷ்ஷும் புளோவரும் வைத்து இருபது நிமிட வேலை. இத்தனைக்கும் புது ஸ்விட்சுக்கு கொட்டேஷன் வாங்கி வைத்திருந்தார்கள்.

வெப்பம் சரி என்றால் யூபிஎஸ்ஸைப் பாருங்கள். கரண்ட் போய் யூபிஎஸ்ஸுக்கு மாறும் கணத்தில் ரீபூட் ஆகிறதா? பேட்டரி வயதாகியிருக்கும்.

இன்னொரு காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். கேட்டலிஸ்ட் 3650, 3850 வகைகளின் 48 போர்ட் மாடல்களில், 1ஆம் போர்ட்டுக்கு நேர் மேலே மோட் பட்டன் இருக்கிறது. சில கேபிள் முனைகளில், கிளிப் உடையாமல் இருக்க மேலே ஒரு ரப்பர் உறை நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கேபிளை 1ஆம் போர்ட்டில் செருகினால் உறை போய் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். சில விநாடிகள் அழுத்தினால் கான்ஃபிகரேஷனை (ஸ்விட்சின் அமைப்புகளை) அழித்துவிட்டு ரீபூட் ஆவது அந்தப் பட்டனின் வேலை. ஸ்விட்ச் சொன்னதைச் செய்தது! 2013இல் சிஸ்கோவே இதை அறிவிப்பாக வெளியிட்டது. நோ செட்டப் எக்ஸ்பிரஸ் என்று கொடுத்தால் பட்டனின் அந்தக் குணம் போய்விடும். அல்லது உறை இல்லாத கேபிளைப் போடுங்கள்.

வருடக்கணக்கில் நன்றாக ஓடியது. ஒரு நாள் ஆஃப் செய்து ஆன் செய்தோம், எழவே இல்லை. நாங்கள் ஏதாவது தப்பு செய்துவிட்டோமா?

இல்லை. பழுது முன்பே வந்திருக்கும், ஓடிக்கொண்டிருந்ததால் வெளியே தெரியவில்லை. 2014இல் சிஸ்கோ இதே மாதிரி ஒன்றை ஒப்புக்கொண்டது: 2005 முதல் 2010 வரை ஒரே சப்ளையர் தயாரித்த மெமரி பாகங்கள், ஓடும்வரை ஓடிவிட்டு, பவர் ஆஃப் செய்து ஆன் செய்ததும் படுத்துவிட்டன. 2017இல் இன்னொன்று: கிளாக் சிக்னல் தரும் ஒரு பாகம், ஏறக்குறைய 18 மாதம் ஓடியபின் தேய்ந்து போகத் தொடங்கும், போனால் திரும்ப எழாது என்று அறிவித்து, சில நெக்சஸ் 9000 ஸ்விட்ச்களையும் ரவுட்டர்களையும் மாற்றிக் கொடுத்தது.

ஆகவே பழைய ஸ்விட்சை ரீபூட் செய்யப் போகிறீர்கள் என்றால், எழாமலும் போகலாம் என்று நினைத்துக்கொண்டே செய்யுங்கள். கான்ஃபிக் பேக்கப் கையில் இருக்கட்டும்.

கன்சோலில் "ஸ்விட்ச்:" என்ற பிராம்ப்டில் வந்து நிற்கிறது என்றால் அது சாவு இல்லை. ஐஓஎஸ் (ஸ்விட்சை ஓட்டும் சிஸ்கோ மென்பொருள்) ஃபைல் காணாமல் போயிருக்கும் அல்லது கெட்டிருக்கும். மறுபடி ஏற்றினால் எழுந்துவிடும்.

இடி இடித்த மறுநாள் நாலைந்து போர்ட் போய்விட்டது. மீதி போர்ட்டுகளை வைத்து ஓட்டலாமா?

ஓட்டலாம், ஆனால் நம்பாதீர்கள். செத்த போர்ட்டுகள் கண்ணுக்குத் தெரிகின்றன, அரை உயிரில் இருப்பவை தெரிவதில்லை. ஸ்பேர் வரும்வரைக்கும் முக்கியமில்லாத இணைப்புகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். செத்த போர்ட்டுகளில் எந்தக் கேபிள் இருந்தது என்று பாருங்கள்: அநேகமாக கேட் கேமராவுக்கோ பக்கத்துக் கட்டடத்துக்கோ வெளியே போகும் செப்புக் கம்பியாக இருக்கும். ஐப்பசி மழைக்கு முன் கட்டடத்துக்குக் கட்டடம் போகிற கம்பியை ஃபைபராக மாற்றிவிடுங்கள். ரேக்கின் எர்த்திங் கம்பி நிஜமாகவே எர்த் குழிவரை போகிறதா என்றும் பார்க்க வேண்டும். பாதி இடங்களில் அது பச்சை நிறத்தில் ஒரு அலங்காரம்தான்.

ஃபேன், பவர் சப்ளை இரண்டையும் ஓடும்போதே மாற்றலாமா?

9300, 3850 மாதிரி மாட்யூலாகக் கழற்றக்கூடிய மாடல்களில் மாற்றலாம். 2960இல் ஃபேன் உள்ளே பொருத்தியது, அதற்கு ஸ்விட்சை நிறுத்த வேண்டும்.

பவர் சப்ளை இரண்டு இருந்து ஒன்று போயிருந்தால்: எது போயிருக்கிறது என்று கமாண்டில் பாருங்கள், அப்புறம் பின்பக்கம் போய் எல்இடியிலும் பாருங்கள், அப்புறம்தான் கை வையுங்கள். முன்னால் நின்று பார்க்கும்போது இடது என்று மனதில் பதிந்தது பின்னால் போனால் வலது. நல்லதைப் பிடுங்கிவிட்டு நின்றவர்களை எனக்குத் தெரியும். முதலில் பவர் கார்டை எடுங்கள், பிறகு தாழ்ப்பாளை அழுத்தி இழுங்கள். புதியதைக் கடைசிவரை தள்ளிப் பூட்டிய பிறகே கார்டு. ஒரு சப்ளை மட்டும்தான் வைத்திருக்கிறீர்கள் என்றால் காலி இடத்துக்குரிய மூடியைக் கட்டாயம் போடுங்கள். திறந்து கிடந்தால் காற்று அந்த வழியே ஓடிவிடும், சிப்புகளுக்குப் போகாது.

டேட்டா சென்டர் வகை நெக்சஸில் காற்றின் திசையையும் பார்க்க வேண்டும். நீலக் குறி போட்ட ஃபேன் போர்ட் பக்கமாகச் சூட்டை வெளியே தள்ளும். கருஞ்சிவப்புக் குறி போட்டது போர்ட் பக்கமாகக் காற்றை உள்ளே இழுக்கும். இரண்டையும் கலந்து மாட்டினால் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும்.

போர்டில் கபாசிட்டர் உப்பியிருக்கிறது. நானே மாற்றலாமா?

சால்டரிங் கை பழகியவர், வாரன்டி முடிந்த ஸ்விட்ச் என்றால் மாற்றலாம். அதே மைக்ரோஃபேரட், அதே அல்லது கூடுதல் வோல்ட், 105 டிகிரி வகை. ஆனால் பவர் சப்ளை பகுதியின் பெரிய கபாசிட்டரை மட்டும் மறக்காதீர்கள். 230 வோல்ட் ஏசி, டிசியாக மாறும்போது 325 வோல்ட். கார்டைப் பிடுங்கிய பிறகும் அது உள்ளே உட்கார்ந்திருக்கும். அளந்து பார்க்காமல் விரல் வைக்காதீர்கள்.

முழு ஸ்விட்சையும் மாற்றப் போகிறேன். ரன்னிங் கான்ஃபிக் பேக்கப் இருக்கிறது, போதுமா?

போதாது. நான் அடிபட்டுத் தெரிந்துகொண்ட இடம் இது. ஒரு கல்லூரியில் இரவு பதினொரு மணிக்குப் பழையதைக் கழற்றி, புதியதில் கான்ஃபிக்கை அப்படியே ஒட்டினேன். எல்லா போர்ட்டும் பச்சை. வீட்டுக்குப் போய்த் தூங்கினேன். காலையில் ஒரு டிபார்ட்மென்ட்டில் ஒரு போனும் எழவில்லை. போர்ட்டில் "விலான் 30" என்று இருக்கிறது, ஆனால் ஸ்விட்சுக்கு 30 என்று ஒரு விலான் இருப்பதே தெரியாது. காரணம், விடிபி (விலான் பட்டியலை ஸ்விட்ச்கள் தங்களுக்குள் பகிரும் முறை) சர்வர் முறையில் இருக்கும் ஸ்விட்சில் விலான் பட்டியல் ரன்னிங் கான்ஃபிக்கில் இருக்காது, ஃபிளாஷில் விலான்.டாட் என்ற தனி ஃபைலில் இருக்கும். டிரான்ஸ்பரன்ட் முறை என்றால்தான் கான்ஃபிக்கில் தெரியும். ஆகவே ஷோ விலான் பிரீஃப் வெளியீட்டையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எஸ்எஸ்எச் (தூரத்திலிருந்து பாதுகாப்பாக ஸ்விட்சுக்குள் நுழையும் வழி) சாவியும் கான்ஃபிக்கோடு வராது. புதிதாக உருவாக்க வேண்டும், இல்லையென்றால் கன்சோல் கேபிளோடு மறுபடி அலைய வேண்டும்.

பழைய, வேறு இடத்தில் ஓடிய ஸ்விட்சை ஸ்பேராகப் போடுகிறீர்கள் என்றால் இன்னும் ஜாக்கிரதை. அதன் விடிபி ரிவிஷன் எண் உங்கள் நெட்வொர்க்கைவிட அதிகமாக இருந்து, டொமைன் பெயரும் ஒன்றாக இருந்தால், ஸ்விட்ச்களை இணைத்துப் பல விலான்களைச் சுமக்கும் டிரங்க் கேபிளைச் செருகியதும் தன் விலான் பட்டியலை மற்ற எல்லா ஸ்விட்ச்கள் மேலும் எழுதிவிடும். ஒரு ஸ்விட்ச் பழுதைச் சரிசெய்யப் போய் கட்டடமே நின்றுவிடும். மாட்டுவதற்கு முன் டிரான்ஸ்பரன்ட் முறைக்கு மாற்றித் திரும்பக் கொண்டுவந்தால் எண் பூஜ்யமாகிவிடும். ஸ்பேனிங் ட்ரீயிலும் இதே கதைதான்: எல்லாவற்றிலும் பிரையாரிட்டி 32768 என்றே விட்டிருந்தால் மேக் முகவரி (கருவியின் நிரந்தர எண்) சிறியது ரூட், அதாவது தலைமை ஸ்விட்ச் ஆகும், பழைய ஸ்விட்ச்களின் மேக் பெரும்பாலும் சிறியது.

கேபிள்களைக் கழற்றுமுன் ரேக்கை நாலு கோணத்தில் போனில் படம் எடுங்கள். ஒவ்வொரு கேபிளிலும் மாஸ்கிங் டேப் ஒட்டிப் போர்ட் எண் எழுதுங்கள். ஷோ மேக் அட்ரஸ்-டேபிள், ஷோ சிடிபி நெய்பர்ஸ் இரண்டையும் மாற்றத்துக்கு முன்னும் பின்னும் எடுத்து ஒப்பிடுங்கள். அன்று நான் அதைச் செய்திருந்தால் இரவே தெரிந்திருக்கும்.

ஸ்டாக்கில் (ஒன்றாக இணைந்து ஒரே ஸ்விட்ச் போல ஓடும் தொகுப்பில்) இருக்கும் ஒரு ஸ்விட்ச் போய்விட்டது. எப்படி மாற்றுவது?

அதே மாடலை வாங்குங்கள். ஐஓஎஸ் வெர்ஷனும் லைசென்ஸும் ஸ்டாக்கில் இருப்பதோடு பொருந்தும்படி முன்பே ஏற்றிவிடுங்கள். பிறகு புதியதை ஆஃப் செய்துவிட்டு ஸ்டாக் கேபிள்களை மாட்டி, அப்புறம் ஆன் செய்யுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஸ்விட்சைக் கொண்டுபோய் மாட்டினால் இரண்டு ஸ்டாக்குகள் சேருவதாக நினைத்துத் தேர்தல் நடக்கும், தோற்றவை ரீலோட் ஆகும். தோற்பது புதியதாகத்தான் இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. முறையாகச் செய்தால், போன ஸ்விட்சின் எண்ணையே புதியது எடுத்துக்கொண்டு, ஸ்டாக் நினைவில் வைத்திருக்கும் போர்ட் கான்ஃபிக் தானாக வந்து உட்கார்ந்துவிடும்.

வாரன்டியில் மாற்றித் தருவார்களா? என்ன கேட்பார்கள்?

சீரியல் நம்பர், ஷோ டெக்-சப்போர்ட் வெளியீடு, என்னென்ன செய்து பார்த்தீர்கள் என்ற விவரம். "வேலை செய்யவில்லை" என்று எழுதினால் மூன்று நாள் மெயிலிலேயே போகும். "5ஆம் போர்ட்டில் மூன்று நல்ல கேபிள்கள், இரண்டு கம்ப்யூட்டர்கள் போட்டுப் பார்த்தேன், 6இல் அதே கேபிள் வேலை செய்கிறது" என்று எழுதினால் பேச்சு சீக்கிரம் முடியும். சிஸ்கோ சீரியலில் முதல் மூன்று எழுத்துக்குப் பின் வரும் இரண்டு இலக்கத்தோடு 1996ஐக் கூட்டினால் தயாரித்த வருடம் வரும், அடுத்த இரண்டு இலக்கம் வாரம். 1732 என்று வந்தால் 2013, 32ஆவது வாரம். பழையதைப் "புதுசு" என்று விற்க வருபவரிடம் இந்தக் கணக்கு உதவும்.

கழற்றிய பழைய ஸ்விட்சை என்ன செய்வது?

உயிர் இருந்தால் ரைட் எரேஸ் கொடுத்து, விலான்.டாட் ஃபைலையும் அழியுங்கள். உள்ளே உங்கள் பாஸ்வேர்டுகளும் ஐபி திட்டமும் இருக்கின்றன. வாரன்டியில் திருப்பி அனுப்ப வேண்டியது என்றால் கெடு தேதிக்குள் அனுப்பிவிடுங்கள், இல்லையென்றால் பில் வரும். மற்றபடி, நல்ல ஃபேனையும் எஸ்எஃப்பியையும் கழற்றி வைத்துக்கொண்டு, பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் கொடுத்து ரசீது வாங்கி வையுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் இந்திய மின்கழிவு விதிகளின்படி, பெரிய அளவில் மின்கருவிகளைப் பயன்படுத்தும் அலுவலகங்கள் பழைய இரும்புக்கடைக்குப் போடக்கூடாது.